எழுந்த கணக்கு

ஆவணி 5, வியாழன்

என் பெயர் சோலையப்பன். வயது தொண்ணூற்றாறு. நான் சொல்லச் சொல்ல என் மகன் குருவையா எழுதுகிறான். எனக்கு எழுத்து தெரியாது. எண்ணைக் காட்டினாலும் இன்னதென்று தெரியாது, எந்த பஸ்ஸாக இருந்தாலும் கேட்டுத்தான் ஏறுவேன். ஆனால் விருதுநகர் பருப்புக் கிட்டங்கியில் நாற்பத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கியவன். ஒரு சாக்கை இரண்டு விரல் கொடுத்து அசைத்தால் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். தராசு தப்பு, சோலையப்பன் சரி என்று முதலாளியே சொன்ன நாள் உண்டு. இதையும் எழுதப்பா என்றேன். சிரித்துக்கொண்டே எழுதுகிறான்.

நேற்று உடற்பயிற்சி ஆஸ்பத்திரியில் பெனிட்டா டாக்டரம்மா இந்த நோட்டைக் கொடுத்தது. தினமும் என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை எழுந்தேன் என்று எழுதவேண்டுமாம். எழுவது என்றால் படுக்கையிலிருந்து அல்ல. கை இரண்டையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழவேண்டும். அரை நிமிஷத்துக்கு எத்தனை என்று கணக்கு. நேற்று எனக்கு ஐந்து வந்தது. இந்த வயதுக்கு அது மோசமில்லை, எட்டு வந்தால் நல்லது என்றது டாக்டரம்மா. குருவையா பத்து என்றான்.

எதற்குப் பத்து என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். பத்து வந்தால் யாரும் கை கொடுக்காமல் கக்கூஸ் போகலாம், குளிக்கலாம், கட்டிலில் ஏறலாம் என்றான். நீ இருக்கும்போது எனக்கு எதற்கு அதெல்லாம் என்றேன். எழுதிக்கொண்டே இருந்தான்.

ஆவணி 6, வெள்ளி

காலை இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், கீரை. சாயங்காலம் கால் டம்ளர் பால். இரவு கஞ்சி. எழுந்தது: ஐந்து. பசிக்கிறது. அதையும் எழுது.

ஆவணி 12, வியாழன்

சோற்றுக்கு அளவு வந்தது போன வாரம்தான். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூட இருக்கிறது, இனிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு டாக்டர் சொன்னார். குருவையா அதைப் பிடித்துக்கொண்டான். போனில் யாரோ ஒருவர் பேசுவதை எனக்கும் போட்டுக் காட்டினான். குறைத்துச் சாப்பிடுகிறவன் கூட நாள் இருப்பானாம்.

“நூத்துப் பதினஞ்சு வரைக்கும் இந்தக் கீரையா?” என்று கேட்டேன்.

“நானும்தான் உங்களோட சேந்து திங்கப்போறேன்யா,” என்றான்.

அவனுக்கு அறுபத்தொன்பது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டி இறந்துபோனாள். ஒரே மகள் வாசுகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் அவனும்தான். மூன்று தட்டு சோறு தின்கிற ஆள் அவன். இப்போது இரண்டு தட்டிலும் ஒரே கரண்டியால் ஒரே அளவு வைக்கிறான். சாப்பிட்ட பிறகு நாடாக் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதுகிறான்.

எழுந்தது: ஆறு.

ஆவணி 25, புதன்

இன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். பழைய கதை ஏதாவது சொல்லுங்கள் என்றான். என்னோடு மூட்டை தூக்கிய செம்புலி கதையைச் சொன்னேன்.

கிட்டங்கியில் லாரிக்குப் பலகை போட்டு அதில் ஏறித்தான் மூட்டை கொண்டுபோவோம். செம்புலி முதுகில் நூறு கிலோ உளுந்து. பாதிப் பலகையில் போகும்போது புதிதாக வந்த கணக்குப்பிள்ளை, இது எத்தனை கிலோ என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தான். மூட்டை தூக்குகிறவன் மூச்சை அடக்கி வைத்திருப்பான், வாய் திறந்தால் அது போய்விடும். மூட்டையும் அவனும் கீழே வந்தார்கள். இடுப்பு ஒடிந்தது. அன்றிலிருந்து எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டு உண்டு. சுமையோடு போகிறவனிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. அவன் இறக்கிவைத்த பிறகு பேசலாம்.

குருவையா முழுதும் எழுதினான். இதை நீங்கள் ஐம்பது தடவை சொல்லியாயிற்று என்றான்.

எழுந்தது: ஆறு.

புரட்டாசி 4, சனி

மாடியில் குடியிருக்கிற செல்வராணி வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு பார்க்கிறவள். ஐம்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, வாய் உண்டு. எங்கள் இரண்டு தட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணாப்புப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி அளந்து போடுறோம் பெரியய்யா. அதுகூட உங்களைவிடக் கூடத் திங்குது,” என்றாள்.

அந்தப் பிள்ளை நூறு வயது இருக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்றேன். அவள் குருவையாவைப் பார்த்தாள். அண்ணன் இப்படி இளைத்துவிட்டாரே, பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டிருக்கிறாரே என்றாள். டயட்டு ராணி, டயட்டு என்றான். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எழுந்தது: ஏழு.

புரட்டாசி 17, வெள்ளி

இந்தக் கட்டில் பதினைந்து வருஷம் பழசு. நாடா தளர்ந்துவிட்டது. இரண்டு பேர் உட்கார்ந்தால் கனமானவன் பக்கம் பள்ளமாகும். நான் எப்போதும் அவன் பக்கம் சரிந்துகொண்டே இருப்பேன், சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். இன்றைக்குப் பிடிக்கவில்லை.

கட்டில் சமமாக இருக்கிறது என்று எழுது என்றேன்.

அவன் பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டான். அப்புறம் எழுதினான்.

எழுந்தது: எட்டு.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. ராணி கறிக்குழம்பும் நாலு அதிரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மணம் வாசல்வரை நின்றது. எங்களுக்கு அளவு இருக்கிறது, வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டோம். அப்படியே எழுது.

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். குருவையா முதுகு தேய்த்துவிட்டான். வேட்டி இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது.

எழுந்தது: எட்டு.

ஐப்பசி 19, புதன்

பெனிட்டா டாக்டரம்மாவிடம் போனோம். இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுது என்று குருவையாவிடம் சொல்லியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறான்.

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் புரட்டியது. முகம் மலர்ந்தது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, நேற்று ஒன்பது, பிரமாதம் தாத்தா என்று என் கையைப் பிடித்தது. எனக்குப் புரியவில்லை. அம்மா, நேற்று நான் சொன்னது மூன்று என்றேன். புரட்டாசி முழுதும் நாலுக்கு மேல் நான் சொன்னதே இல்லை.

நாற்காலியைப் போட்டு எழச் சொன்னது. கையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். இரண்டு வந்தது. மூன்றாவதில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். எடை பார்த்தது. ஆவணியில் நாற்பத்தொன்பது, இப்போது நாற்பத்துமூன்று. தொடையைப் பிடித்துப் பார்த்தது.

இந்த வயதில் சோற்றைக் குறைக்கச் சொன்னது யார் என்று குருவையாவைக் கேட்டது. கோபமாகத்தான் கேட்டது. “சதையே இல்லாம எதைவச்சு எழுந்திருப்பாரு? தொண்ணூத்தாறு வயசுல கொஞ்சம் சர்க்கரை ஏறினா என்ன சார் இப்ப? முட்டை குடுங்க, பருப்பு குடுங்க, அவர் கேக்குறதக் குடுங்க. சாப்பாடு இல்லாம பயிற்சி மட்டும் குடுத்தா இருக்கிற சதையும் கரைஞ்சு போகும்.”

பிறகு நோட்டில் ஏன் தப்பாக எழுதினீர்கள் என்றது. குருவையா நோட்டை வாங்கி மூடினான். அந்த அம்மா அவனையும் ஏற இறங்கப் பார்த்தது. சார், நீங்க ஒரு டாக்டரப் பாருங்க என்று மெதுவாகச் சொன்னது. சரி என்றான்.

வரும் வழியில் ஆட்டோவில் நானும் கேட்கவில்லை.

எழுந்தது: இரண்டு. இரண்டு என்று எழுதினாயா என்றேன். எழுதிட்டேன்யா என்றான்.

ஐப்பசி 24, திங்கள்

காலை மூன்று இட்லி, ஒரு முட்டை. மதியம் மூன்று கரண்டி வைத்தான். எனக்கு இறங்கவில்லை, வயிறு சுருங்கிவிட்டது, பழைய அளவே போதும் என்று சொல்லி ஒதுக்கிவிட்டேன்.

எழுந்தது: இரண்டு.

கார்த்திகை 2, செவ்வாய்

எழுந்தது: மூன்று. நான் சொன்னதையே எழுதியதாகச் சொல்கிறான்.

கார்த்திகை 9, செவ்வாய்

இதை எழுதுவது மாடி வீட்டு செல்வராணி. குருவையா ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இனி நான் எதையும் மறைத்துச் சொல்லவேண்டியதில்லை. எழுதுகிறவன் அவன் இல்லையே.

நேற்றுக் காலை பத்தரை மணி இருக்கும். நாற்காலியிலிருந்து என்னைத் தூக்க அக்குளில் கை கொடுத்தான். பாதி எழுந்தேன். அவன் கை துவண்டது. இரண்டு பேரும் விழவில்லை. அடுக்கிலிருந்து இரண்டு சாக்கு சரிகிற மாதிரி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம். என்னால் எழ முடியவில்லை. அவனாலும் முடியவில்லை. போன் அலமாரிமேல் இருந்தது. ராணி பள்ளிக்கூடத்திலிருந்து வர மூன்று மணி ஆகும். கட்டில் காலில் சாய்ந்துகொண்டு அத்தனை நேரமும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அவன்தான் முதலில் பேசினான்.

“உங்களுக்குத் தெரியும்லய்யா?”

“ஆவணியில எழுபத்தொண்ணு கிலோ இருந்த. இப்ப அம்பத்திரெண்டு.”

“அம்பத்தொண்ணு. மெசின்ல பாத்தேன்.”

“ஒரு கிலோ தப்பாயிருச்சு,” என்றேன்.

சிரித்தான். சிரித்தது வயிற்றில் வலித்திருக்கவேண்டும், கையால் பிடித்துக்கொண்டான். தெரிஞ்சும் ஏன் கேக்கல என்றான்.

“சுமையோட போறவங்கிட்ட எப்பிடிப்பா கேக்குறது?”

அவன் என்னையே பார்த்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு.

“அது பலகை மேல போறவனுக்குங்கய்யா. பத்தடி தூரம். நான் அஞ்சு மாசமா நடக்கேன்.”

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் எல்லாம் சொன்னான். ஆனி மாசமே வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்களாம். உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி இருக்கிறது, ஆனால் மூன்று மாசம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்றார்களாம். என்னை யார் தூக்குவார்கள் என்று யோசித்தானாம். வாசுகி கைக்குழந்தைக்காரி, அவளிடம் சொல்லவில்லை. அய்யா பத்துத் தடவை தானாக எழுந்துவிட்டால் அடுத்த நாளே போய்ப் படுத்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டானாம்.

இதை என்னிடம் சொல்லியிருந்தால் பல்லைக் கடித்தாவது எழுந்திருப்பேனே என்றேன்.

“எழுந்திருக்க மாட்டீங்க. சோத்த விட்டுட்டு எனக்கு முன்னால போகப் பாத்திருப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு.”

அது உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன்.

சாப்பாட்டு அளவு வந்த கதையும் அதுதான். அவனுக்குச் சோறு உள்ளே இறங்கவில்லை. நான் மூன்று கரண்டி தின்று அவன் ஒரு கரண்டியோடு நிறுத்தினால் நான் கேட்பேன் என்று இரண்டு தட்டிலும் ஒரே அளவு வைத்தான். எனக்கு அது முதல் வாரமே தெரியும். தூக்கிவிடுகிற கையில் சதை குறைகிறது என்று அக்குளுக்குத் தெரியாதா? தீபாவளியன்று ராணி போன பிறகு அவன் ஒரு கறித்துண்டை எடுத்து மென்று, விழுங்க முடியாமல் அங்கணத்தில் துப்பிவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கிருந்த பசிக்கு அந்தச் சட்டி முழுதையும் தின்றிருப்பேன். நான் தின்றால் அவனும் தின்றாகவேண்டும். அதனால் வேண்டாம் என்றேன். டாக்டரம்மா சொன்ன பிறகும் ஒதுக்கியது அதனால்தான்.

சோறு இல்லாமல் என் கால் போனது. கால் போனதால் பத்து வரவில்லை. பத்து வராததால் அவன் போகவில்லை.

நோட்டில் ஏன் கூட்டிக் கூட்டி எழுதினாய் என்று கடைசியில் கேட்டேன். எழுதும்போதாவது ஏறட்டுமே என்று பார்த்தேன் என்றான்.

மூன்று மணிக்கு ராணி வந்து எங்கள் இரண்டு பேரையும் தரையில் பார்த்தாள். முதலில் அவனைத் தூக்கச் சொன்னேன்.

கார்த்திகை 20, சனி

வாசுகி வந்திருக்கிறாள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்களாம். ஆனியில் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம். அவள் என்னிடம் அதற்கு மேல் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். கட்டிலில் அவன் படுத்திருக்கிறான். நான் எதிரே நாற்காலியில்.

மார்கழி 2, புதன்

காலை நாலு இட்லி, முட்டை. மதியம் வயிறு நிறையச் சோறு, பருப்பு, மீன். எல்லாவற்றையும் அவன் பார்க்கத் தின்றேன். மண் மாதிரி இருந்தது. பாதியில் கையை எடுத்தால் கட்டிலிலிருந்து பார்க்கிறான், மறுபடி பிசைகிறேன். அவனுக்கு ஒரு ஸ்பூன் இளநீர். அதுவும் வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் எழுங்கள் என்று கையைக் காட்டினான். எழுந்தேன். படுத்தபடி எண்ணினான். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பஸ்ஸில் ஆள் எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினான்.

எழுந்தது: நாலு. இதை அவனே எண்ணினான்.

மார்கழி 8, செவ்வாய்

விடிந்து ஆறு மணிக்குப் போய்விட்டான்.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். வாசுகி ஒரு பக்கமும் ராணி ஒரு பக்கமும் என் அக்குளில் கை கொடுக்க வந்தார்கள். விடுங்கள் என்றேன். கை இரண்டையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்தேன். ஐந்து அடி எடுத்து வைத்தேன். அரிசியை அளவு பார்க்காமல் அள்ளினேன். அவன் வாயில் நின்றது கொஞ்சம்தான், மீதி கன்னத்தில் வழிந்து விழுந்தது. நாலு மாசமாக அந்த வாய் எதையும் உள்ளே விடவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இல்லை என்று ராணி சத்தம் போட்டாள், அவரை விடுங்கள் என்றாள். நாலாவதுக்கு எழும்போது அவனைத் தூக்கினார்கள். ஆறு பேர் தூக்கினார்கள். ஆறு பேர் எதற்கு, இரண்டு பேர் போதும், நாற்பத்தைந்துதான் இருக்கிறான் என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

ஐந்தாவது வரவில்லை.

மார்கழி 24, வியாழன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வாசுகி ஓசூரில் முதியவர்கள் இருக்கிற இடம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். தை பிறந்ததும் வண்டி வரும். அங்கே தானாக எழுந்து நடமாடுகிறவர்களுக்கு ஒரு பகுதி, மற்றவர்களுக்கு ஒரு பகுதியாம். எந்தப் பகுதி என்று அவர்கள் நாற்காலியைப் போட்டுப் பார்த்துச் சொல்வார்களாம். எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

தை 1, வியாழன்

துக்க வீடு, பொங்கல் இல்லை. ராணி சோறு மட்டும் வடித்துக் கொண்டுவந்தாள். எத்தனை கரண்டி என்று கேட்டாள். உன் கை போனபடி வை என்றேன். வைத்ததைத் தின்றேன். பசிக்கிறது, அதுதான் வெட்கமாக இருக்கிறது. அவன் போன பிறகு நன்றாகப் பசிக்கிறது. எடை ஒரு கிலோ ஏறியிருக்கும்.

சாப்பிட்டதும் கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். ராணி நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டில் அவள் பக்கம் சரிந்தது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு எழுந்து பார்த்தேன். எழுந்தது: மூன்று.

மூன்று என்றே எழுது தாயி, நாளைக்கு ஓசூரில் இந்த நோட்டைக் கேட்பார்கள் என்றேன். எழுதிட்டேன் பெரியய்யா என்று நோட்டைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். குனிந்து பார்த்தேன். மூன்றோ வேறெதுவோ, அந்த இடத்தில் கறுப்பாக ஏதோ வளைந்து கிடந்தது.